தொடர்புப் படிவங்களிலிருந்து அஞ்சல் வந்து சேராமை: காரணங்களும் பரிகாரமும்

இன்று பள்ளி, கூட்டுறவுச் சங்கம், ஆரம்ப சுகாதார நிலையம், விவசாய அலுவலகம் ஆகியவற்றுள் பலவும் வலைத்தளம் வைத்திருக்கின்றன. அத்தளங்களில் "தொடர்பு கொள்க" என்ற தலைப்பின் கீழ் ஒரு படிவம் காணப்படும். பெயர், முகவரி, செய்தி ஆகியவற்றை நிரப்பிப் பொத்தானை அழுத்தினால், "தங்கள் செய்தி கிடைத்தது, நன்றி" என்ற வாசகம் திரையில் தோன்றும். ஆனால் அச்செய்தி உரிய அலுவலரின் அஞ்சற்பெட்டியை அடையாமற் போவது மிகவும் சாதாரணமான ஒரு குறையாகும்.

இக்குறையின் தீங்கு அதன் மௌனத்தில் உள்ளது. மின்விளக்கு எரியாவிடில் உடனே தெரியும். குழாயில் நீர் வராவிடில் உடனே தெரியும். படிவம் பழுதாயின், எழுதியவர்க்கும் தெரியாது, அலுவலகத்திற்கும் தெரியாது. மாற்றுச் சான்றிதழ் வேண்டி எழுதிய பெற்றோர் பள்ளி தம்மைப் புறக்கணித்துவிட்டதாகக் கருதுவர். பள்ளியோ எவரும் எழுதவில்லை எனக் கருதும். உதவித்தொகைக்குரிய கடைசி நாள் இதற்கிடையே கழிந்துவிடக்கூடும். ஆகவே இக்குறையை முறைப்படி ஆராய்ந்து நீக்கும் வழியைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம். இதற்கு உயர்ந்த பொறியியல் அறிவு தேவையில்லை. ஒழுங்கான விசாரணையே தேவை.

அஞ்சலோட்டத்திலிருந்து ஓர் உவமை

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் "அஞ்சல்" என்ற பெயரில் தனித் தபால் முறை ஒன்று நெடுங்காலம் நடைபெற்று வந்தது. திருவனந்தபுரத்திற்கும், அக்காலத்தில் அச்சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த நாகர்கோவில், பத்மநாபபுரம் முதலிய ஊர்களுக்கும் கடிதங்கள் அதன் வாயிலாகச் சென்றன. சலங்கை கட்டிய கோலை ஏந்திய அஞ்சலோட்டக்காரர் ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்திற்குப் பையைச் சுமந்து ஓடுவார். 1951-ஆம் ஆண்டில் இம்முறை இந்தியத் தபால் இலாகாவுடன் இணைக்கப்பட்டது.

அம்முறையில் ஒரு கடிதம் காணாமற் போயின் விசாரணை எவ்வாறு நடைபெறும்? கடிதம் பெட்டியில் இடப்பட்டதா, நிலையத்தில் முத்திரை பெற்றதா, ஓட்டக்காரரின் பையில் ஏறியதா, சேருமிட நிலையத்தில் இறங்கியதா, வீட்டில் கொடுக்கப்பட்டதா என்று படிப்படியாகக் கேட்பதே முறை. எந்த இரண்டு படிகளுக்கிடையே கடிதம் மறைந்தது என்பது தெரிந்தால், பாதி வேலை முடிந்தது. தொடர்புப் படிவத்திற்கும் இதே முறை பொருந்தும்.

படிவம் வேலை செய்யும் விதம்

படிவத்திலிருந்து புறப்படும் செய்தி ஐந்து படிகளைக் கடக்கின்றது.

முதலாவது, உலாவியிலிருந்து வலைத்தளத்தின் சர்வருக்குச் செய்தி செல்லுதல். இரண்டாவது, சர்வரிலுள்ள நிரல் அச்செய்தியைக் கடித வடிவாக்கி அஞ்சல் நிரலிடம் ஒப்படைத்தல். மூன்றாவது, அஞ்சல் நிரல் வெளியுலகிற்குக் கடிதத்தை அனுப்புதல். நான்காவது, பெறும் பக்கத்து அஞ்சல் சர்வர் அதனை ஏற்றுக்கொள்ளுதல். ஐந்தாவது, அலுவலர் பார்க்கும் உள்பெட்டியில் அது சேருதல்.

மூன்றாம், நான்காம் படிகளில் இரு கணிப்பொறிகள் பேசிக்கொள்ளும் மொழி எஸ்.எம்.டி.பி. எனப்படும். இதனை 1982-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜான் போஸ்டல் என்பவர் வரையறுத்து வெளியிட்டார். இம்மொழியில் ஒவ்வொரு கூற்றுக்கும் மறுமுனை மூன்று இலக்க எண் ஒன்றை விடையாகத் தரும். 220 எனில் "வருக". 250 எனில் "ஏற்றுக்கொண்டேன்". 354 எனில் "கடிதத்தின் உடலை அனுப்புக". எண் 4-இல் தொடங்கினால் தடை தற்காலிகமானது, பின்னர் முயலலாம் என்பது பொருள். 5-இல் தொடங்கினால் தடை நிரந்தரமானது, திருத்தம் செய்யாது மீண்டும் அனுப்புவதில் பயனில்லை என்பது பொருள். இவ்விரண்டின் வேறுபாட்டை மட்டும் அறிந்தவரும் பழுதின் தன்மையைப் பெரும்பாலும் கூறிவிடலாம்.

மற்றொன்றும் அறியத்தக்கது. ஒவ்வொரு மின்னஞ்சலிலும் அனுப்புநர் முகவரி இரண்டிடங்களில் உள்ளது. ஒன்று உறையின் மேல் எழுதப்படுவது. மற்றொன்று உள்ளிருக்கும் கடிதத்தின் தலைப்பில் எழுதப்படுவது. சேராத கடிதம் உறைமேல் உள்ள முகவரிக்கே திரும்பும். பல சர்வர்களில் உறைமேல் முகவரியாக வலை நிரலின் உட்பெயரே அமைந்துவிடுகின்றது. அப்பெயருக்குரிய பெட்டியை எவரும் திறப்பதில்லை. ஆதலால் திரும்பிய கடிதங்கள் அங்கேயே மாதக்கணக்கில் குவிந்து கிடக்கின்றன. பழுதுக்கான காரணம் அவற்றுள்ளேயே எழுதப்பட்டிருந்தும் படிப்பாரில்லை.

"நன்றி" என்ற வாசகம் சான்றாகாது

விசாரணையைத் தொடங்குமுன் ஒரு தவறான எண்ணத்தை நீக்குதல் வேண்டும். திரையில் தோன்றும் நன்றியுரை, கடிதம் சேர்ந்தமைக்குச் சான்றன்று. வலைத்தளங்களிற் பெரிதும் வழங்கும் பி.எச்.பி. மொழியில் "மெயில்" என்றொரு கட்டளை உண்டு. அது "சரி" என விடை தந்தால், உள்ளூர் அஞ்சல் நிரல் கடிதத்தைப் பெற்றுக்கொண்டது என்பது மட்டுமே பொருள். பெட்டியில் இட்டதைக் கொண்டு வீட்டில் சேர்ந்ததாக முடிவு செய்வது எவ்வாறு பொருந்தாதோ, அவ்வாறே இதுவும்.

படிதோறும் காணும் பழுதுகள்

(அ) பெறுநர் முகவரி. விசாரணை இங்கிருந்தே தொடங்குதல் சிக்கனமாகும். படிவம் அமைக்கப்பட்டபோது பணியிலிருந்த அலுவலர் மாற்றலாகிச் சென்றிருக்கலாம். அவருடைய அஞ்சற்பெட்டி மூடப்பட்டிருக்கலாம், அல்லது நிரம்பியிருக்கலாம். தனிநபர் முகவரியை விடுத்து, பதவியின் பெயரால் அமைந்த முகவரியைப் படிவத்தில் வைத்தல் இதற்குப் பரிகாரமாகும்.

(ஆ) செய்தி சர்வரை அடையாமை. பொத்தானை அழுத்தியும் பக்கம் அசையாதிருத்தல், மனிதர்தாமா எனச் சோதிக்கும் பகுதி தோன்றாதிருத்தல், பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகியிருத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். வேறொரு கணிப்பொறியிலும் ஒரு கைப்பேசியிலும் சோதித்தால் உண்மை விளங்கும்.

(இ) அஞ்சல் நிரல் இல்லாமை. பழைய வாடகைச் சர்வர்களில் அஞ்சல் நிரல் உடன் அமைந்திருந்தது. புதிய மேகச் சர்வர்கள் பலவற்றில் அது இருப்பதில்லை. தளத்தைப் புதிய சர்வருக்கு மாற்றிய நாளிலிருந்து கடிதம் நின்றுபோயின், முதலில் இதனை ஐயுறுதல் வேண்டும்.

(ஈ) தன்னுள்ளேயே சேர்த்துவிடுதல். இஃது ஏமாற்றும் இயல்புடைய பழுது. வலைத்தளம் ஓரிடத்திலும் அஞ்சற்பெட்டிகள் வேறோரிடத்திலும் இருக்கையில், வலைச் சர்வர் அந்த டொமைன் பெயர் தன்னுடையதே என்று எண்ணிக் கடிதத்தை வெளியே அனுப்பாது தன்னிடத்திலேயே வைத்துக்கொள்ளும். வெளி முகவரிகளுக்குக் கடிதம் சென்று, அலுவலகத்தின் சொந்த முகவரிக்கு மட்டும் வாராதிருப்பது இதன் தெளிவான அறிகுறி. அந்த டொமைனுக்குரிய அஞ்சல் வெளியிடத்தில் உள்ளது எனச் சர்வர் அமைப்பில் குறித்தால் பழுது நீங்கும்.

(உ) வெளிவாயில் அடைபட்டிருத்தல். அஞ்சல் சர்வர்கள் தம்முள் பேச 25 என்ற எண்ணுள்ள போர்ட்டைப் பயன்படுத்துகின்றன. குப்பை அஞ்சலைத் தடுக்கும் பொருட்டு, கூகிள் மேகச் சேவை இவ்வாயில் வழியாக வெளியே செல்வதைத் தடுத்துள்ளது. அமேசான் மேகச் சேவையும் இயல்பாக அதனைக் கட்டுப்படுத்துகின்றது. இந்நிலையில் 587 அல்லது 465 என்ற போர்ட் வழியாக, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, ஓர் அஞ்சல் சேவையின் துணையால் அனுப்புதலே முறை.

(ஊ) கடவுச்சொல் ஏற்கப்படாமை. விடை எண் 535 எனில் இதுவே காரணம். 2022-ஆம் ஆண்டு மே 30 முதல், தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் சாதாரணக் கடவுச்சொல்லை மட்டும் கொண்டு பிற நிரல்கள் நுழைவதைக் கூகிள் நிறுத்தியது. அதுவரை ஓடிக்கொண்டிருந்த படிவங்கள், எவரும் எதனையும் தொடாமலே நின்றுபோயின. இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, நிரலுக்கெனத் தனிக் கடவுச்சொல் பெற்று அமைத்தல் பரிகாரம்.

பிறர் பெயரால் எழுதும் குற்றம்

இப்பழுதுகளுள் மிகுதியாகக் காணப்படுவதும், பலராலும் உணரப்படாததும் ஒன்றுண்டு. படிவத்தை அமைப்போர், மறுமொழி எழுத வசதியாக இருக்கும் என்றெண்ணி, வருகையாளர் நிரப்பிய முகவரியையே கடிதத்தின் அனுப்புநர் முகவரியாக வைத்துவிடுகின்றனர். இதன் பொருள் யாது? பள்ளியின் சர்வர் தான் எழுதிய கடிதத்தை யாகூ பயனர் ஒருவர் எழுதியதாகக் காட்டி அனுப்புகின்றது. பெறும் சர்வர் இதனைப் போலிக் கையொப்பமாகவே கருதும்.

இப்போலியைக் கண்டறிய மூன்று முறைகள் வழக்கில் உள்ளன. ஒரு டொமைனின் பெயரால் கடிதம் அனுப்ப எந்தச் சர்வர்கட்கு உரிமை உண்டு என்று அதன் உரிமையாளர் டி.என்.எஸ். பட்டியலில் அறிவிப்பது எஸ்.பி.எஃப். முறை. ஒவ்வொரு கடிதத்திலும் கணித முத்திரை ஒன்றைப் பதிப்பது டி.கிம் முறை. கடிதத் தலைப்பிலுள்ள முகவரி இவ்விரண்டில் ஒன்றினோடேனும் பொருந்தாவிடில் கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்று அறிவிப்பது டிமார்க் முறை. ஒன்று அனுமதிச் சீட்டு, ஒன்று முத்திரை, ஒன்று கட்டளை என்று நினைவிற் கொள்ளலாம்.

2014-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் யாகூ நிறுவனம் தன் டொமைனுக்கு "பொருந்தாதவற்றை நிராகரிக்க" என்ற டிமார்க் கட்டளையை வெளியிட்டது. அதே மாதத்தில் ஏ.ஓ.எல். நிறுவனமும் அவ்வாறே செய்தது. மேற்கூறிய விதமாக அமைந்த படிவங்களில் யாகூ முகவரி கொடுத்தோரின் செய்திகள் அன்றுமுதல் சேராதொழிந்தன. பிற முகவரி கொடுத்தோரின் செய்திகள் சேர்ந்தன. "சில வருகின்றன, சில வருவதில்லை" என்ற புதிரான புகாருக்கு இதுவே பெரும்பாலும் விடை.

பரிகாரம் எளிது. அனுப்புநர் முகவரியாகத் தளத்தின் சொந்த டொமைனில் அமைந்த முகவரியையே வைத்தல் வேண்டும். வருகையாளரின் முகவரியை "மறுமொழி முகவரி" என்ற தனிவரியில் வைத்தல் வேண்டும். அலுவலர் மறுமொழிப் பொத்தானை அழுத்தினால் விடை வருகையாளர்க்கே செல்லும்.

2024-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் கூகிளும் யாகூவும் இவ்விதிகளை மேலும் இறுக்கின. ஜிமெயில் பெட்டிகளுக்கு எழுதும் எவரும் எஸ்.பி.எஃப்., டி.கிம் ஆகிய இரண்டில் ஒன்றேனும் வைத்திருத்தல் வேண்டும். நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோர் டிமார்க் உட்பட மூன்றையும் வைத்திருத்தல் வேண்டும். சிறிய பள்ளியாயினும் மூன்றையும் அமைத்துக்கொள்வதே நன்று. எஸ்.பி.எஃப். அமைக்கையில் இரண்டு எச்சரிக்கைகள்: ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்.பி.எஃப். வரிதான் இருக்கலாம், அவ்வரி டி.என்.எஸ். தேடல்களைப் பத்துக்கு மேல் உண்டாக்கலாகாது. இரண்டாவது வரியைச் சேர்த்தவர் இருந்ததையும் கெடுத்தவராவார்.

சேர்ந்தும் காணாமற் போதல்

கடிதம் ஏற்கப்பட்டும் உள்பெட்டியில் இல்லையெனில், குப்பை அஞ்சல் பகுதியைப் பார்த்தல் வேண்டும். அலுவலக அஞ்சல் சேவைகளில் ஐயத்திற்குரிய கடிதங்கள் நிர்வாகியின் பார்வைக்கென நிறுத்தப்படுவதும் உண்டு. சில சர்வர்கள் முன்பின் அறியாத அனுப்புநரிடம் 450 அல்லது 451 என விடை கூறிச் சிறிது நேரம் கழித்து வரச் சொல்லும். முறையான அஞ்சல் நிரல் கடிதத்தை வரிசையில் வைத்து மீண்டும் முயலும். எஸ்.எம்.டி.பி. விதிப்படி முயற்சிகளுக்கிடையே 30 நிமிடமேனும் இடைவெளி விடுதலும், நான்கைந்து நாள் வரை கைவிடாது முயலுதலும் பொதுவான ஒழுங்கு. ஆனால் வரிசை வைக்கும் வசதியின்றித் தானே நேராக அனுப்பும் எளிய வலை நிரல், முதல் தடையிலேயே செய்தியைக் கைவிட்டுவிடும்.

தமிழ் எழுத்துக்களும் படிவப் பாதுகாப்பும்

பொருள் வரியில் தமிழ் எழுத்துக்கள் இருக்குமாயின், அவ்வரியை விதிப்படி குறியேற்றம் செய்து அனுப்புதல் வேண்டும். இன்றேல் வினாக்குறிகளும் சிதைந்த குறிகளுமே தோன்றும். குப்பை அஞ்சலென ஒதுக்கப்படவும் அது காரணமாகலாம். தமிழிலேயே அமைந்த மின்னஞ்சல் முகவரிகளுக்கான உலக விதிகள் 2012-இல் வெளியாயின. எனினும் பல படிவங்கள் அத்தகைய முகவரியைப் பிழையென்று தள்ளிவிடுகின்றன. முகவரியைச் சோதிக்கும் பகுதியைத் திருத்துதல் இதற்குப் பரிகாரம்.

பெயர் நிரப்பும் கட்டத்தில் வரிமாற்றக் குறியை நுழைத்து, கடிதத் தலைப்பில் வேறு பெறுநர்களைச் சேர்க்கும் சூழ்ச்சியும் உண்டு. அவ்வாறாயின் பள்ளியின் படிவமே குப்பை அஞ்சல் அனுப்பும் கருவியாகிவிடும். சர்வரின் பெயர் தடைப்பட்டியலில் ஏறி, நல்ல கடிதங்களும் நிராகரிக்கப்படும். 2016 டிசம்பரில், உலகெங்கும் வழங்கிய பி.எச்.பி.மெயிலர் என்ற நிரல்தொகுதியில் கடுமையான பாதுகாப்புக் குறை ஒன்று வெளிப்பட்டது. அதன் பழைய பதிப்புகளை இன்னும் மாற்றாதிருப்போர் உடனே மாற்றுதல் அவசியம்.

திருவனந்தபுரம் கற்பிக்கும் பாடம்

1990-இல் தொடங்கிய டெக்னோபார்க்கும், பள்ளிகளின் கணிப்பொறிக் கல்வியை நடத்தும் கைட் நிறுவனமும் திருவனந்தபுரத்தில் உள்ளன. படிவங்களைப் பற்றிய மிகப் பெரிய பாடம் ஒன்றையும் இந்நகரிலிருந்தே கற்கலாம்.

2018 ஆகஸ்டு மாதத்தில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. 400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்போது கேரள மாநிலத் தகவல் தொழில்நுட்ப மிஷனும், ஐ.இ.இ.இ. கேரளப் பிரிவைச் சார்ந்த தன்னார்வலரும் இணைந்து "கேரளா ரெஸ்க்யூ" என்ற வலைத்தளத்தை நடத்தினர். நீரில் அகப்பட்டோர், அல்லது அவர்தம் உறவினர், இடத்தையும் தொலைபேசி எண்ணையும் தேவையையும் படிவத்தில் பதிந்தனர். அவ்வேண்டுகோள்கள் தரவுத்தளத்தில் சேர்ந்தன. தன்னார்வலர்கள் அவற்றைத் தொலைபேசி வாயிலாகச் சரிபார்த்து மீட்புப் பணியினர்க்குத் தெரிவித்தனர்.

இங்கு கவனிக்கத் தக்கது யாதெனில், செய்தி முதலில் பதிவேட்டில் ஏறியது. அறிவிப்பு அதன் பின்னரே. ஒரு முகவரிக்குச் செல்லும் கடிதத்தை மட்டும் நம்பியிருந்தால், அக்கடிதம் தடைப்பட்ட நேரத்து வேண்டுகோள் மறைந்தே போயிருக்கும். சிறிய அலுவலகத்திற்கும் இதே விதி பொருந்தும். முதலில் தரவுத்தளத்தில் பதிக. பின்னர் அஞ்சல் அனுப்புக. எழுதியவர்க்குப் பதிவெண் ஒன்று கொடுக்க. அஞ்சல் தவறினும் செய்தி தவறாது.

விசாரணை செய்யும் ஒழுங்கு

1. படிவத்தில், நாளும் நேரமும் குறித்த சோதனைச் செய்தி ஒன்றை அனுப்புக.

2. பெறுநர் முகவரிக்கு வேறொரு சாதாரணக் கணக்கிலிருந்து கடிதம் எழுதி, அப்பெட்டி உயிருடன் உள்ளதா எனக் காண்க.

3. குப்பை அஞ்சல் பகுதியைப் பார்க்க.

4. பெறுநராக வெளிமுகவரி ஒன்றைத் தற்காலிகமாக வைத்துச் சோதிக்க. அது சேர்ந்து, சொந்த முகவரிக்கு மட்டும் வாராதிருப்பின் (ஈ) பிரிவைக் காண்க.

5. சர்வரின் அஞ்சற் பதிவேட்டில் அந்நேரத்திற்குரிய வரியைத் தேடுக. வரியே இல்லையெனில் பழுது முதல் இரண்டு படிகளில் உள்ளது. "ஒத்திவைக்கப்பட்டது" எனில் 4-இல் தொடங்கும் எண்ணையும், "திருப்பப்பட்டது" எனில் 5-இல் தொடங்கும் எண்ணையும், அதனுடன் உள்ள விளக்கத்தையும் குறித்துக்கொள்க.

6. சேர்ந்த கடிதம் ஒன்றில் "மூலத்தைக் காட்டு" என்ற வசதியைத் திறந்து, எஸ்.பி.எஃப்., டி.கிம், டிமார்க் ஆகிய மூன்றும் தேறினவா எனக் காண்க.

7. ஒரு சமயத்தில் ஒரு மாற்றமே செய்க. செய்ததையும் கண்ட பயனையும் குறிப்பேட்டில் எழுதுக. பல மாற்றங்களை ஒருங்கே செய்தால் எது பழுதை நீக்கியது என்பது தெரியாது.

பழுது நீங்கிய பின்னரும் மாதம் ஒருமுறை, குறித்த நாளில், சோதனைச் செய்தி ஒன்றை அனுப்பிப் பதிவு செய்தல் நன்று. தளத்தைப் புதிய சர்வருக்கு மாற்றும்போதும், அலுவலர் மாறும்போதும், கடவுச்சொல் மாறும்போதும் இச்சோதனை தவறாது நடைபெறல் வேண்டும்.

வகுப்பறைச் செய்முறை

மாணவர் ஐவரை ஐந்து படிகளாக நிறுத்துக. ஒவ்வொருவரும் தம்மிடம் வரும் உறையைத் தம் குறிப்பேட்டில் பதிந்து அடுத்தவரிடம் கொடுப்பர். நான்காமவர் கையில், எந்த ஊர் உறையை யார் கொண்டுவரலாம் என்ற பட்டியல் இருக்கும். ஆசிரியர் ஒருவரை மட்டும் தனியே அழைத்து, ஓர் உறையை மறைத்துவிடும்படி கூறுக. ஏனைய மாணவர், குறிப்பேடுகளைப் பார்வையிட்டு, உறை எப்படியில் மறைந்தது எனக் கண்டுபிடித்தல் வேண்டும். குறிப்பேடு எழுதாத மாணவர் ஒருவர் இருப்பின் விசாரணை எவ்வளவு கடினமாகின்றது என்பதையும் அவர்கள் காண்பர்.

வினாக்கள்

1. நன்றியுரை திரையில் தோன்றியும் கடிதம் வாராமைக்கு மூன்று காரணங்கள் கூறுக.

2. விடை எண் 451-க்கும் 550-க்கும் உள்ள அடிப்படை வேறுபாடு யாது?

3. ஒரு பள்ளியின் படிவத்தில் யாகூ முகவரி கொடுத்தோரின் செய்திகள் மட்டும் சேருவதில்லை. காரணத்தையும் பரிகாரத்தையும் எழுதுக.

4. அஞ்சல் அனுப்புமுன் செய்தியைத் தரவுத்தளத்தில் பதிவதால் உண்டாகும் நன்மைகளை விளக்குக.